செம்பு இரத்தம் ஓடினால் என்ன சாப்பிடுவது?

1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் ஸ்போக்கின் இரத்தம் பச்சை. அவருடைய வல்கன் இனத்தின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பாம்! வெறும் கற்பனை என்று நினைக்கிறீர்களா?

நம் கடலோரச் சேற்றில் வாழும் பெலங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு, செம்பை நம்பியே வாழ்கிறது. அதன் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோசயனின் என்ற புரதம். இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் உயிர்வளி மூலக்கூற்றைப் பிடித்ததும் இரத்தம் நீலமாகும். விட்டதும் நிறம் போய்விடும். ஆகவே, ஸ்போக்கின் இரத்தமும் நீலமாக இருந்திருந்தால்தான் பொருத்தம்.

சரி, உணவு? பூமியின் மேலோட்டில் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ இரும்பு உண்டு. செம்போ பத்து கிராம்கூட இல்லை. தேடித்தான் உண்ண வேண்டும். ஆக்டோபஸுக்குக் கவலையில்லை. அதற்கும் செம்பு இரத்தம், அது தின்னும் நண்டுக்கும் செம்பு இரத்தம். ஆனால், வல்கன்கள் சைவர்கள்! எள், முந்திரி, காளான், பயறு வகைகள் அவர்கள் தட்டில் தினமும் இருக்க வேண்டும். செம்பு மிகுந்த மண்ணில் பயிரிடலாமே என்கிறீர்களா? அளவு மீறினால் செம்பு செடிக்கு நஞ்சு. அதைத் தாங்கும் பயிர்கள் மட்டுமே அங்கு விளையும்.

இன்னொன்று: ஹீமோசயனின் நம் ஹீமோகுளோபின் அளவுக்கு உயிர்வளியைச் சுமப்பதில்லை. மூன்று இதயங்கள் இருந்தும் ஆக்டோபஸ் விரைவில் களைத்துவிடும். செம்பு இரத்த வேட்டைக்காரன் துரத்த மாட்டான், பதுங்கிப் பிடிப்பான்.

அடுத்த முறை கதைக்காக ஓர் உயிரினத்தைப் படைக்கும்போது, இரத்தத்தின் நிறத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அது காலையில் என்ன சாப்பிடும் என்றும் கேளுங்கள்.