இறைப்பு இயந்திரத்திற்கு மாற்று வாங்கும்போது

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே துலாவின் இடத்தை இறைப்பு இயந்திரம் பெற்றுப் பல்லாண்டுகளாகின்றன. பழைய இயந்திரம் தேய்ந்துபோனதும், முன்னதிலும் வலுக்கூடியதை வாங்கினால் இறைப்பு விரைவில் முடியும் என்று கமக்காரர் பலர் எண்ணுவர். இவ்வெண்ணம் பணத்தை மட்டுமன்றிக் கிணற்றையும் கெடுக்கக்கூடும். பாய்வள்ளத்திற்கு வெளியிணைப்பு இயந்திரம் வாங்குவோன் வள்ளத்தின் பாரத்தையும் பின்பலகையின் உயரத்தையும் அறிந்த பின்னரே கடைக்குச் செல்வான். அவ்வாறே கமக்காரரும் முதலிற் கிணற்றை அளத்தல் வேண்டும்.

பழுது எங்கே?

நீர் குறைந்து வருவதெல்லாம் இயந்திரத்தின் குற்றமன்று. உறிஞ்சு குழாயின் மூட்டுகளிற் காற்றுப் புகுந்தாலும், புட்வால்வு ஒழுகினாலும், பம்பியினுள்ளே சுழலும் சில்லுத் தேய்ந்தாலும் நீர் குறையும். இவற்றைச் சீர்செய்து பார்த்த பின்னரே புதிய இயந்திரத்தை நினைத்தல் நன்று.

ஆழம்

ஆவணி, புரட்டாதி மாதங்களில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது, பம்பி இருக்குமிடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். இது 6 அல்லது 7 மீற்றருக்கு மேற்படின் மேலிருந்து உறிஞ்சும் பம்பி பயன்தராது. உறிஞ்சு குழாயில் நீரை ஏற்றுவது வளியமுக்கமே. இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதால் இவ்வெல்லை மாறாது. இத்தகைய கிணற்றுக்கு நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பியே ஏற்றது. எண்ணெயில் இயங்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குதல் ஒருபோதும் கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமற்றது. இறங்கியவரின் உயிரைக் குடிக்கும்.

வலு

நிமிடத்திற்கு 500 லீற்றர் நீரை 9 மீற்றர் உயர்த்த 1 குதிரைவலு போதும். பம்பியில் ஏறக்குறைய அரைப்பங்கு வலு வீணாகுமெனக் கொண்டால் 2 குதிரைவலு தேவை. குழாயின் உராய்வுக்கும் இயந்திரத்தின் தேய்வுக்கும் இடம்விட்டு 3 குதிரைவலு இயந்திரம் வாங்கினால் அது நெடுநாள் உழைக்கும். ஒடுங்கிய குழாயைப் பூட்டி வலுவை வீணாக்கலாகாது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு நீருக்கு உராய்வினால் வரும் இழப்பு ஏறக்குறைய 30 மடங்காகும். வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீரேற்றும் நெற்செய்கையாளருக்கு உயரம் சிறிது, நீரின் அளவு பெரிது. அவர்க்கு அகன்ற குழாயும் மிகுந்த நீர் தள்ளும் பம்பியுமே வேண்டும்.

கிணற்றின் ஊறல்

வழமையான இறைப்பு முடிந்ததும், ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயர்கின்றதெனக் குறித்துக்கொள்க. 3 மீற்றர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தால், ஊறிய நீர் ஏறக்குறைய 2,100 லீற்றர். மேற்கூறிய பம்பி அதனை ஐந்து நிமிடத்திற்குள் இறைத்துவிடும். வலுவைக் கூட்டுவதால் ஊறல் கூடாது என்பது இதனாற் புலனாகும்.

உவர்நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லிடையே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை யாவரும் அறிவர். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு பங்கு நின்றால், கீழே ஏறக்குறைய 40 பங்கு நிற்கும். ஆகவே நிலத்தடி நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின், காலப்போக்கில் உவர்நீர் 4 மீற்றர் வரை மேலெழக்கூடும். நீர் உவர்த்தால் முதலில் வெங்காயம் கருகும். பின்னர் மண்ணும் கெடும். அயலவரின் கிணறும் தப்பாது.

ஆதலால் அளவான இயந்திரத்தை வாங்கி, காலையும் மாலையும் பகிர்ந்து சிறிது சிறிதாக இறைத்தலே அறிவுடைமை. உதிரிப்பாகங்களும் திருத்துவோரும் ஊரிலேயே கிடைக்கின்றனவா என்பதையும் வாங்குமுன் விசாரித்தறிக. இயந்திரம் பழுதானால் மற்றொன்று வாங்கலாம். உவர்த்த கிணற்றுக்கு மாற்று எக்கடையிலும் இல்லை.