கிம் காரைத் திருப்பிய இடம்

ஒரு சின்னக் கத்தி, கொஞ்சம் பசை, இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடை. ‘பெட்டர் கால் சால்’ தொடரைப் புரட்டிப்போடும் குற்றத்துக்கு இவ்வளவுதான் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி நகரத்தில் வக்கீலாக இருக்கும் ஜிம்மி மெக்கில், உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் அண்ணன் சக்கின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஒரு வங்கியின் புதிய கிளைக்கான ஆவணங்களில் 1261 என்ற கதவிலக்கத்தை வெட்டி ஒட்டி 1216 ஆக்குகிறான். விசாரணையன்று, ஊரே மதிக்கும் வக்கீலான சக் அதிகாரிகள் முன்னால் தவறான முகவரியோடு நின்று அவமானப்படுகிறார். வங்கி அவருடைய நிறுவனத்தை விட்டுவிட்டு கிம் வெக்ஸ்லரிடம் போகிறது. கிம், ஜிம்மியின் காதலி. இரவு பகலாக உழைத்து அந்த வங்கியை முதலில் பிடித்துவந்தவளும் அவள்தான்.

நடந்ததை சக் கண்டுபிடித்துவிடுகிறார். கிம்முக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் சக் குற்றம்சாட்டும்போது அவள் ஜிம்மியின் பக்கம் நிற்கிறாள். அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு படுக்கையில் அவள் பேசுகிறாள். செய்தாயா என்று கேட்கவில்லை. சக் சும்மா விடமாட்டார், எங்கேயும் ஓட்டை இருக்கக் கூடாது என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறாள். ஜிம்மி எழுந்து, கடைப் பையனின் வாயை அடைக்கக் கிளம்புகிறான்.

இந்தத் தொடரை ஜிம்மியின் வீழ்ச்சிக் கதையாகத்தான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அது கிம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியின் கதை.

2015 பிப்ரவரியில் தொடங்கி 2022 ஆகஸ்டில் முடிந்த தொடர் இது. ஆறு சீசன், 63 எபிசோடுகள். வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும் உருவாக்கியது. ‘பிரேக்கிங் பேட்’டில் போதைப்பொருள் கும்பலுக்கு வக்கீலாக வந்து சிரிக்கவைத்த சால் குட்மேன், அப்படி ஆவதற்கு முன் ஜிம்மியாக எப்படி இருந்தான் என்பதுதான் கதை. முடிவு முன்பே தெரியும். ஆகவே யார் ஜெயிப்பார், யார் மாட்டுவார் என்ற பதைப்பை வைத்து இதை ஓட்ட முடியாது. ‘ரொம்ப மெதுவாகப் போகிறது’ என்று இரண்டாவது எபிசோடிலேயே கைவிட்டவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. மனசாட்சியை ஒருவன் ஒரே நாளில் விற்றுவிடுவதில்லை. தவணை தவணையாகக் கொடுக்கிறான். அதைக் காட்டுவதற்கு இந்த நிதானம் தேவைப்படுகிறது.

ஜிம்மியின் ஆசை தப்பானதல்ல. அண்ணனின் நிறுவனத்தில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்துகொண்டே, யாரிடமும் சொல்லாமல், அமெரிக்கன் சமோவாவின் ஒரு பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் சட்டம் படித்துத் தேறியவன். அதே நிறுவனத்தில் வக்கீலாக வேண்டும் என்பதுதான் அவன் கனவு. அண்ணனின் கூட்டாளி ஹோவர்ட் ஹேம்லின் மறுத்துவிடுகிறார். நீல நிறக் கோட்டும் மெருகேற்றிய புன்னகையுமாகத் திரியும் ஹோவர்டை முதல் சீசன் முழுக்க நாமும் வெறுக்கிறோம். சீசன் முடியும் தறுவாயில்தான் தெரிகிறது, தடுத்தது சக். தம்பி தனக்குச் சமமாக உட்கார்வதை அவரால் தாங்க முடியவில்லை. அந்தப் பழியைத் தன் தலையில் சுமந்தவர் ஹோவர்ட்.

ஹோவர்டை இவ்வளவு கவனமாக எழுதியிருப்பது எனக்கு இன்றும் வியப்பு. மூன்றாவது சீசனின் முடிவில் சக் தன் வீட்டிலேயே தீயில் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அதற்குத் தானே காரணமோ என்ற குற்ற உணர்வில், ஜிம்மியும் கிம்மும் இருக்கும் வீட்டுக்கு வந்து ஹோவர்ட் மனம்விட்டுச் சொல்கிறார். உண்மையில் சக்கை அந்த நிலைக்குத் தள்ளியதில் ஜிம்மிக்கும் பங்கு உண்டு. அது அவனுக்குத் தெரியும். அது உன் பாரம், நீயே சும என்கிற மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டு, சீட்டியடித்தபடி காபி போடப் போகிறான். கிம் அதிர்ந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டும் அவனோடு இருக்கிறாள். ஜிம்மியாக வரும் பாப் ஓடன்கிர்க்கின் நடிப்பைவிட, கிம்மாக வரும் ரியா சீஹார்னின் முகம்தான் அந்தக் காட்சியில் என்னை உலுக்கியது. இத்தனைக்கும் 53 முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இந்தத் தொடருக்கு ஒரு எம்மிகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய அநீதி.

கிம் பேராசைக்காரி அல்ல. ஏழைகளுக்குக் கட்டணமில்லாமல் வாதாட வேண்டும், அதற்கென ஒரு அலுவலகம் வேண்டும் என்பதே அவள் விருப்பம். அதற்குப் பணம் வேண்டும். முதியோர் இல்லம் ஒன்றின் மீதான பழைய வழக்கு சீக்கிரம் சமரசமானால் ஜிம்மியின் பங்காக ஏறத்தாழ 20 லட்சம் டாலர் வரும். அதற்கு ஹோவர்டைப் போதைக்கு அடிமையானவர் என்று ஊரை நம்பவைக்க வேண்டும். இருவரும் சிரித்துச் சிரித்துத் திட்டம் போடுகிறார்கள். பார்க்கிற நாமும் ரசிக்கிறோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன், அந்த எபிசோடுகள் அவ்வளவு உற்சாகமானவை.

திட்டம் நிறைவேற வேண்டிய நாளில் கிம் சாண்டா ஃபேவை நோக்கிக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் கனவு கண்ட அதே வேலைக்கு உதவக்கூடிய ஒரு அறக்கட்டளைக்காரர்கள் அங்கே அவளை மதிய உணவுக்கு அழைத்திருக்கிறார்கள். நேர்வழியிலேயே கதவு திறக்கிறது. அப்போது ஜிம்மியிடமிருந்து போன். அந்த வழக்கில் சமரசம் பேசும் மத்தியஸ்தரான முன்னாள் நீதிபதியின் கையில் மாவுக்கட்டு. ஹோவர்டைச் சிக்கவைக்க, அவரைப் போன்ற ஒருவரை வைத்து இவர்கள் எடுத்த போலிப் படங்களில் அது இல்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் ஜிம்மி. கிம் நெடுஞ்சாலையில் காரைத் திருப்புகிறாள், இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று. ஏழைகளுக்காகத் தொடங்கியது அந்தத் திருப்பத்தில் காணாமல் போய்விட்டது. ஒரு மனிதரை வீழ்த்தும் இன்பம் மட்டுமே மிச்சம்.

அன்று இரவு, தோற்றுப்போன ஹோவர்ட் அவர்கள் வீட்டுக்கு வந்து நியாயம் கேட்கிறார். அதே நேரம் வேறு காரணத்துக்காக உள்ளே வரும் போதைக் கும்பல்காரன் லாலோ அவரைச் சுட்டுக் கொல்கிறான். போதை தலைக்கேறித் தற்கொலை செய்துகொண்டவர் என்று ஊர் நம்புவதற்கான பொய்யை ஜிம்மியும் கிம்மும் முன்பே பரப்பிவைத்திருந்தார்கள். கொலையை மறைப்பவர்களுக்கு அது அப்படியே பயன்படுகிறது.

கிம் வக்கீல் தொழிலையும் ஜிம்மியையும் விட்டுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போய், நீர்த்தெளிப்பான் விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, நடந்தது முழுவதையும் எழுதி ஹோவர்டின் மனைவியிடம் கொடுக்கிறாள். யாரும் கேட்டுக் கொடுத்ததல்ல.

கடைசியில் பிடிபட்ட ஜிம்மி, தன் வாய்ச் சாமர்த்தியத்தால் தண்டனையை ஒரு சில ஆண்டுகளாகக் குறைத்து ஒப்பந்தம் செய்துகொள்கிறான். பிறகு கிம் உட்கார்ந்திருக்கும் நீதிமன்றத்தில் தானே அதை உடைக்கிறான். போதைப்பொருள் சாம்ராஜ்யத்துக்குத் துணைபோனதை ஒப்புக்கொள்கிறான். அண்ணனைப் பற்றியும் சொல்கிறான்: சக்கின் தொழில்முறைக் காப்பீட்டுக்கு வேட்டு வைத்தவன் தான்தான், அதன் பிறகுதான் அவர் உயிரை விட்டார். அது குற்றமே இல்லையே என்று பக்கத்தில் நிற்கும் வக்கீல் தடுக்கிறார். குற்றம்தான் என்கிறான் ஜிம்மி. 86 ஆண்டு சிறை.