கலைந்து சென்ற பிறகு என்ன நடந்தது?

2025 ஜனவரி 10. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்கு வந்திருந்த ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவிடம் மதுரை – அருப்புக்கோட்டை – தூத்துக்குடி புதிய ரயில் பாதை பற்றி நிருபர்கள் கேட்டார்கள். அந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசே சொல்லிவிட்டது என்ற பொருளில் பதில் வந்தது. எல்லாச் சேனல்களிலும் அதுதான் செய்தி. தமிழகப் போக்குவரத்துத் துறை அமைச்சர் சிவசங்கர் மறுத்தார். திட்டத்தை விரைவுபடுத்தச் சொல்லித்தான் முதல்வர் கடிதம் எழுதியிருக்கிறார் என்றார். கட்சிகள் மாறி மாறி அறிக்கை விட்டன. சில நாள் கழித்து ரயில்வே தரப்பிலிருந்து விளக்கம் வந்தது: தொழிற்சாலை இரைச்சலில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை, அமைச்சர் தனுஷ்கோடி பாதையை நினைத்துச் சொன்ன பதில் அது, தூத்துக்குடித் திட்டம் கைவிடப்படவில்லை.

அத்தோடு பரபரப்பு அடங்கியது. பாதை என்ன ஆனது? 143.5 கி.மீ. நீளமுள்ள இந்தப் பாதைக்கு 2011-12லேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டான் – மேல்மருதூர் இடையே 18 கி.மீ.தான் முடிந்திருந்தது. எங்கள் வட்டாரத்தில் எந்தெந்த ஊரில் நிலம் எடுக்க வேண்டும், எவ்வளவு எடுத்திருக்கிறார்கள், எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்? அருப்புக்கோட்டைக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். யார் யாரை மறுத்தார் என்ற சத்தத்தில் இதெல்லாம் மூழ்கிப் போனது.

இந்த மண்ணில் வாழ்பவன் என்ற முறையில் என் குற்றச்சாட்டு இரண்டு. முடிவு எடுப்பவர்கள், எடுத்த முடிவுக்குக் கணக்குச் சொல்வதில்லை. செய்தி போடுபவர்கள், போட்ட செய்தியைப் பின்தொடர்ந்து போவதில்லை. முதல் தவறு தொடர்ந்து நடக்க இரண்டாவது தவறே வசதி செய்து கொடுக்கிறது.

மாவட்டப் பக்கத்தைப் புரட்டுங்கள். காலிக் குடங்களோடு பெண்கள் சாலையில் அமர்ந்திருக்கும் படம். கீழே நான்கு வரி. போலீசாரும் அதிகாரிகளும் வந்தார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள், நடவடிக்கை எடுப்பதாக உறுதி கூறியதை அடுத்து பொதுமக்கள் கலைந்து சென்றனர். இதே முடிவோடு எத்தனையோ செய்திகளை நாம் படித்திருக்கிறோம். உறுதி கூறியது எந்த அதிகாரி? எத்தனை நாளில் செய்வதாகச் சொன்னார்? மோட்டார் மாற்றப்பட்டதா, குழாய் உடைப்பு சரிசெய்யப்பட்டதா? அடுத்த மறியல் வரும்வரை அந்தத் தெரு பத்திரிகையில் இல்லை. அடுத்த மறியல் வந்தாலும், முந்தைய உறுதிமொழி பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

பெரிய கேமராக்கள் எங்கள் ஊருக்கு வராமல் இல்லை. 2018 ஏப்ரலில் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்று தொடர்பான தொலைபேசி உரையாடல் வெளியானபோது வந்தன. 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர் கல்குவாரி வெடிவிபத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தபோது வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் சாலைமறியலின்போது பெண் டி.எஸ்.பி. தாக்கப்பட்டபோதும் வந்தன. மூன்றும் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் குவாரிக்கு அனுமதி கொடுத்த விதிமுறை என்ன, வெடிமருந்துக் கிடங்கை முறையாக ஆய்வு செய்தது யார் என்ற கேள்விகள், வெடித்த புகை அடங்கிய பிறகு கேட்கப்பட வேண்டியவை. அதற்குள் கேமரா வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

இதற்குத் தாலுகா நிருபரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. பகுதி நேர நிருபருக்குக் கிடைப்பது சொற்பம். விளம்பரமும் சந்தாவும் பிடித்துத் தர வேண்டும். எழுதினால் முகம் சுளிக்கும் அதிகாரியிடமும் கட்சிக்காரரிடமும்தான் மறுநாள் செய்திக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு திட்டத்தை ஆறு மாதம் பின்தொடர்ந்து போக அவருக்கு நேரமும் பாதுகாப்பும் தர வேண்டியது பத்திரிகை நிர்வாகம்.

இனி முதல் குற்றச்சாட்டு, கணக்குச் சொல்லாதது. கண்மாயை எடுத்துக்கொள்வோம். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் விவசாயம் கண்மாயை நம்பியே நடக்கிறது. கண்மாயோ வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. 2017இல், கண்மாய்களைத் தூர்வாரும் குடிமராமத்துத் திட்டத்துக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். அதே ஆண்டு சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, பிறகு ஏப்ரலில் அதற்குத் தடை வந்தது. தூர்வாருவதற்கு முன், பின் என்று இரண்டு படம் எடுத்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு. கண்மாயின் உள்வாயில் ஜே.சி.பி. இறங்கியிருக்கும், கரை உயர்ந்திருக்கும், பெயர்ப்பலகையும் நட்டிருக்கும். ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் நடந்து பாருங்கள். கருவேலம் இரண்டு பக்கமும் கவிந்து, ஆள் குனிந்து போகவும் வழியில்லாமல் கிடக்கும். மழை பெய்தும் கண்மாய் நிரம்பாததற்குக் காரணம் அங்கே இருக்கிறது. எந்தக் கண்மாய்க்கு எவ்வளவு செலவு, அதில் வரத்துக்காலுக்கு எவ்வளவு, அதன் பிறகு எத்தனை ஏக்கர் பாய்ந்தது? அதிகாரிகளும் செய்தியாளர்களும் இந்த மூன்று எண்களைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய திட்டத்திலும் இதே கதை. காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். அதில் எங்களைத் தொடுவது மூன்றாம் கட்டம், வைகையிலிருந்து குண்டாறு வரை சுமார் 34 கி.மீ. அதே ஆண்டு ஆட்சி மாறியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி இரண்டு தொகுதி எம்.எல்.ஏ.க்களுமே அமைச்சர்கள் ஆனார்கள். இவ்வளவு அதிகாரம் ஒரே வட்டாரத்தில் சேர்ந்தபோதாவது, மூன்றாம் கட்டத்துக்கு ஆண்டுவாரியான கால அட்டவணையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அடிக்கல் நாட்டிய நாளில் கிடைத்த முதல் பக்கம், அட்டவணைக் கேள்விக்குக் கிடைக்கவில்லை.

உள்ளூரில் யாரிடம் கேட்பது? கிராம ஊராட்சிகளுக்கு 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிய, மறுபடியும் தனி அலுவலர்கள். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டப் பிரிவு 243-E. பத்தாண்டுக்குள் இரண்டாவது முறையாக அது மீறப்பட்டது. ஊராட்சித் தலைவர் இருந்தால் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அதிகாரியை எங்கே தேடுவது? எங்கள் பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு போஸ்டர் ஒட்டும் கட்சிகளில் எத்தனை, இதற்காக ஒரு போஸ்டர் ஒட்டின?

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். நகராட்சியில் பகுதி சபைகள் வந்துவிட்டன. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது நாம் கேட்க வேண்டிய முதல் விஷயம்: போன கூட்டத்துத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்து, நிறைவேறியது எது, நிற்பது எது என்று சொல்லச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து போடுவதற்கு முன் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பத்திரிகைகளிடம் கேட்பதும் ஒன்றே ஒன்று. அதிகாரி உறுதி கூறியதாகச் செய்தி போட்டால், அவர் பதவியையும் அவர் சொன்ன கெடுவையும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் கெடு முடியும் நாளில் அதே தெருவுக்கு நிருபரை அனுப்புங்கள். வேலை நடந்திருந்தால் அதையும் மனதாரப் பாராட்டி எழுதுங்கள். நடக்கவில்லை என்றால், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில், நடக்கவில்லை என்று எழுதுங்கள்.