கை கூண்டுக்குள், சக்கரம் பாறைமேல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் மோவாப் என்றொரு சின்ன ஊர். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரம். கிழக்கே 3,800 மீட்டரைத் தாண்டி நிற்கும் லா சால் மலைத்தொடர். விடுமுறைக்கு அங்கே போகிறவர்களில் பலர், ஒரு காலைப் பொழுதையாவது 'பக்கி' என்ற திறந்த வண்டியில் கழிக்காமல் திரும்புவதில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் வலையோ அரைக்கதவோ, கூரை இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பிக்கூண்டு, முழங்கால் உயரத்துக்குத் தடித்த டயர்கள். முன்னால் வழிகாட்டியின் வண்டி, பின்னால் நாலைந்து வண்டிகள் வரிசையாக. ஓட்டுவது சுற்றுலாப் பயணிதான். கார் ஓட்டும் உரிமம் இருந்தால் போதும்.

கிளம்புமுன் வழிகாட்டி கொஞ்ச நேரம் பேசுவார். இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார். எது நடந்தாலும் கையைக் கூண்டுக்கு வெளியே நீட்டாதீர்கள். பாறையை விட்டுச் சக்கரத்தைப் பக்கத்து மண்ணில் இறக்காதீர்கள். எதிரே சுவர் மாதிரி நிற்கும் பாறையைப் பார்த்து வயிறு கலங்கிக்கொண்டிருப்பவர் காதில் இது ஏறுவது கஷ்டம். இவ்வளவு பெரிய பாறை இருக்க, கையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் ஏன் இந்த ஆள் கவலைப்படுகிறார்? இந்தப் பயணத்தில் நாம் பயப்படும் இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு என்பது அவருக்குத் தெரியும்.

மோவாபில் பேர்பெற்ற பாதை 'ஹெல்ஸ் ரிவெஞ்ச்'. நரகத்தின் பழிவாங்கலாம், சுற்றுலாத் தொழிலுக்கு இப்படியொரு பெயர் அமைவது கொடுப்பினை. சாலை என்று ஒன்றும் கிடையாது. வெறும் பாறையின் முதுகில் தீச்சுடர் போலப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டியதுதான். சில இடங்களில் பாறை முதுகின் இரண்டு பக்கமும் இறக்கம்.

அந்தப் பாறைக்கு நவஹோ மணற்கல் என்று பெயர். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், அது மணல்மேடுகளாக இருந்தது. யூட்டாவும் சுற்றுப்புறமும் அப்போது பெரும் பாலை. காற்று மணலை மேட்டின் ஒருபக்கம் ஏற்றி மறுபக்கம் சரித்துவிடும். அப்படிச் சரிந்த ஒவ்வொரு அடுக்கும் இன்றைக்குப் பாறையில் சாய்ந்த கோடாகத் தெரிகிறது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் பல நூறு கோடுகளை எண்ணலாம். மணலுக்குள் கிடக்கும் ஜிர்கான் துகள்களில் யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறியிருக்கும் அளவை வைத்து வயது கணித்ததில், அந்த மணலில் பெரும்பங்கு கண்டத்தின் கிழக்கே அப்பலாச்சிய மலைகளில் பிறந்து, ஆறுகள் வழியே மேற்கே வந்தது என்று தெரியவந்தது. இன்னொரு பக்கம், இந்த வட்டாரத்து வண்டித்தடங்களில் பலவற்றைப் போட்டவர்களும் யுரேனியம் தேடி வந்தவர்கள்தான். 1952-ல் சார்லி ஸ்டீன் என்ற புவியியலாளர் மோவாபுக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவைக் கண்டுபிடித்ததும் கூட்டம் குவிந்தது. அவர்கள் புல்டோசர் வைத்துத் திறந்த வழிகளில் இன்று பக்கிகள் ஓடுகின்றன.

குதிரையில் வந்த பழைய குடியேறிகளுக்கு இந்தப் பாறை பெரும் தொல்லை. இரும்பு லாடம் இதில் வழுக்கும். ரப்பரோ ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதி இங்கே கைகொடுக்காது. தொடும் பரப்பு கூடினாலும் குறைந்தாலும் உராய்வு மாறாது என்பது அந்த விதி. இரும்புக்கும் மரத்துக்கும் ஏறக்குறையச் சரி. ரப்பர் அதற்கு அடங்காது. மணற்கல்லின் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. ஒவ்வொரு மணல் துகளைச் சுற்றியும் ரப்பர் பிதுங்கி இறங்குகிறது. சக்கரம் நகரும்போது அமுங்கிய ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை, கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகச் செலவாகிறது. பிடிப்பின் ஒரு பங்கு அந்தச் செலவுதான். ஆகவே எத்தனை துகள்களை ரப்பர் தழுவுகிறதோ அத்தனைக்கு நல்லது.

அதனால்தான் டயரில் காற்றைக் குறைத்து வைக்கிறார்கள். கணக்கு எளிது. வண்டியும் ஆட்களுமாக 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 225 கிலோ. காருக்கு அடிப்பதுபோல 35 பவுண்டு காற்று அடித்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ தாங்கும். டயர் தரையைத் தொடும் பரப்பு 90 சதுர சென்டிமீட்டர். 14 பவுண்டுக்கு இறக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பரப்பு 225-க்குப் போய்விடும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் உண்மையான எண்கள் சற்று முன்பின்னாக இருக்கும். பாறை காய்ந்திருந்தால், உராய்வுக் குணகம் ஒன்றுக்குப் பக்கத்தில் போகலாம். ஒன்று என்றால் 45 டிகிரி சரிவு வரை ஏறலாம். அதற்கு நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டாத டிஃபரன்ஷியல் பிடிப்பில்லாத சக்கரத்தையே சுற்றவிடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது விர்ரென்று சுற்றும், வண்டி நகராது.

சரி, 45 டிகிரி என்று சொல்கிறோமே, அது எவ்வளவு செங்குத்து? நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது. வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் டென்னிஸ் பிராஃபிட்டும் அவர் குழுவினரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி மேட்டின் அடியில் நின்றவர்கள் சராசரியாக 20 டிகிரி என்றார்கள். 10 டிகிரி மேடு 30 ஆகத் தெரிந்தது. கையைப் பார்க்காமல் ஒரு பலகையை உள்ளங்கையால் சாய்த்துக் காட்டச் சொன்னபோது அதே ஆட்கள் ஓரளவு சரியாகக் காட்டினார்கள். வாய் மிகைப்படுத்துகிறது, கை அளந்து சொல்கிறது. முதல் ஏற்றத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்கும் அலறலுக்கு இதுவே போதுமான விளக்கம்.

பெரும்பாலும் அந்த அலறல் தவறான இடத்தில் எழுகிறது. வண்டி கவிழுமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டே அளவுகள்: ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம். ஈர்ப்பு மையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் என்று கொள்வோம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 230 சென்டிமீட்டர் என்றால், நேராக ஏறும் வண்டி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட 60 டிகிரி வேண்டும். அதற்கு வெகு முன்பே டயர் வழுக்கிவிடும். பக்கவாட்டிலோ சக்கரங்களுக்கு இடையே 130 சென்டிமீட்டர்தான். கணக்குப்படி 45 டிகிரியில் கவிழ வேண்டும். ஆனால் கீழ்ப்பக்கத்து ஸ்பிரிங் அமுங்கி உடம்பு இன்னும் சாய்வதாலும், ஒரு சின்னக் கல் மேல்பக்கச் சக்கரத்தை உயர்த்தினாலே போதும் என்பதாலும், நிஜத்தில் எல்லை அதைவிடக் கணிசமாகக் குறைவு. இங்கே ஒரு வேடிக்கை. வழுக்குகிற தரையாக இருந்தால் சாய்ந்த வண்டி பக்கவாட்டில் சறுக்கித் தப்பிக்கும். மோவாப் பாறை சறுக்கவிடாது. ஏற்றத்தில் காப்பாற்றிய அதே பிடிப்பு, சாய்வில் காலை வாரிவிடுகிறது.

வழிகாட்டிகளின் விதிகளெல்லாம் இதிலிருந்து வருபவை. ஏற்றமோ இறக்கமோ மூக்கு நேராக இருக்கட்டும். பாதியில் நின்றுவிட்டால் திருப்ப நினைக்காதே, வந்த தடத்திலேயே நேராகப் பின்னுக்கு இறங்கு. இறங்கும்போது பின்பக்கம் பக்கவாட்டில் போகத் தொடங்கினால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரைத் துளி கொடு, வண்டி நேராகும். கடைசியாகச் சொன்னதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். பள்ளத்தைப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டரை மிதிப்பது எந்தக் காலுக்கும் இயல்பாக வராது.

அகலம் பற்றிய இந்தப் பாடத்தைத் தொழிற்சாலைகளும் பட்டுத்தான் கற்றன. யமஹாவின் ரைனோ என்ற பக்கி, சமதரையில் மெதுவாகத் திரும்பும்போதுகூடக் கவிழ்வதாகப் புகார்கள் வந்தன; உயிர்ப்பலியும் உண்டு. 2009-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் நிறுவனமும் சேர்ந்து விற்பனையை நிறுத்திவைத்துப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தன. செய்த மாற்றம் என்னவென்றால், பின்சக்கரங்களுக்கு உள்ளே ஒரு இடைத்தட்டை வைத்து அகலத்தைக் கூட்டினார்கள். பின்பக்கச் சாய்வுத்தடுப்புக் கம்பியைக் கழற்றினார்கள். அதன்பின் வந்த பக்கிகள் அகன்றுகொண்டே போகின்றன. 50 அங்குல அகலத்தில் தொடங்கிய போலாரிஸின் ரேசர் வகை இப்போது 64, 74 அங்குலங்களில் கிடைக்கிறது.

வண்டி அப்படிப் பக்கவாட்டில் மெல்லச் சாயும் நொடியில் மனித உடம்பு யோசிக்காமல் ஒன்று செய்யும்: விழுகிற பக்கம் கையை ஊன்றும். நடக்கும்போது தடுக்கி விழுந்தால் அது நம்மைக் காக்கும் அனிச்சைச் செயல். இங்கே அந்தக் கைக்கும் பாறைக்கும் நடுவே கம்பிக்கூண்டும் 900 கிலோவும் வந்து விழும். கூண்டுக்குள் பெல்ட் போட்டு இருந்தவருக்குச் சிராய்ப்பு. வெளியே கை நீட்டியவருக்கு எலும்பு நொறுங்கும். வலையும் அரைக்கதவும் ஆள் வெளியே விழாமலிருக்க மட்டுமல்ல, இந்த அனிச்சையைத் தடுக்கவும்தான். பக்கத்து இருக்கைக்காரருக்குக் கைப்பிடி வைத்திருப்பதும் கைக்கு ஒரு வேலை கொடுக்கத்தான். ஓட்டுகிறவருக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு: கட்டைவிரலை ஸ்டியரிங்கின் உள்பக்கம் கொக்கிபோல வளைக்காதீர்கள். சக்கரம் கல்லில் இடித்து ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பினால் விரல் போகும்.

இஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இருக்கும் அதே பெல்ட் ஏற்பாடுதான் பெரும்பாலான பக்கிகளிலும்: இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே ரப்பர் பெல்ட். செங்குத்தான ஏற்றத்தில் லோ கியர் போடாமல் ஹை கியரிலேயே அழுத்தினால் பெல்ட் கப்பியில் வழுக்கிச் சூடாகும். ஏற்றத்தின் அடிவாரத்தில் கருகிய ரப்பர் வாடை வந்தால், முன்னால் போன யாரோ லோ போட மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

இனி இரண்டாவது கட்டளை. பாறைகளுக்கு இடையே தாழ்ந்த இடங்களில் மணல் தேங்கியிருக்கும். அதன் மேல் கருத்துப்போன, முடிச்சு முடிச்சான ஒரு பொருக்கு. பார்த்தால் காய்ந்த சேறு என்றுதான் தோன்றும். குனிந்து கவனித்தால் சிறு சிறு கோபுரங்கள், நடுநடுவே பாசி, லைக்கன். அத்தனையும் உயிர். மைக்ரோகோலியஸ் என்ற சயனோபாக்டீரியா ஈரம் பட்டால் மணலுக்குள் நூல்நூலாக ஊர்ந்து, பின்னால் பிசுபிசுப்பான உறையை விட்டுச் செல்கிறது. காய்ந்தபின் அந்த உறைகள் மணல் துகள்களைக் கட்டிப் பிடித்துக்கொள்கின்றன. கூட வாழும் பிற உயிரிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. பாலைவனத்துச் செடிகளுக்கு வேறு உரம் கிடையாது என்றே சொல்லலாம். மோவாபிலேயே இருந்து இதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஜெய்ன் பெல்னாப். காய்ந்த பொருக்கு ஒரு காலடியிலேயே நொறுங்கும். லைக்கன் வரை முழுதாகத் திரும்பி வளரப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள். உடைந்த இடத்து மணல் பறந்து பக்கத்துப் பொருக்கை மூடும். வெளிச்சமில்லாமல் அதுவும் சாகும். பாறையில் டயர் விட்ட கருப்புத் தடம் கண்ணை உறுத்துகிறது, ஆனால் அது அழகுக் கேடு. மண்ணில் ஒரு வண்டி ஒருமுறை இறங்கிய தடம், ஓட்டியவரின் பேரன் காலத்திலும் இருக்கலாம்.

பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரும் இப்படித்தான். வெறும் குட்டை என்று கையை விட்டுக் கழுவத் தோன்றும். உள்ளே சின்னஞ்சிறு இறால் இனங்கள் நீந்தும். குழி வறண்டால் அவற்றின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் புழுதியில் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கையில் பூசிய வெயில் களிம்பு போதும், அந்தக் குட்டையைக் கெடுக்க.

உடைந்த பொருக்கிலிருந்து கிளம்பிய புழுதி எங்கே போகிறது? கிழக்கே, கொலராடோவின் சான் ஹுவான் மலைப் பனியில் போய்ப் படிகிறது. அழுக்கான பனி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சிச் சீக்கிரம் உருகும். தரை முன்கூட்டியே வெளிப்பட்டு, செடிகொடிகள் அதிக நாள் நீரைக் குடித்து ஆவியாக்கும். இதனால் கொலராடோ ஆற்றின் மேற்பகுதி நீர்வரத்து ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் குறைவதாக 2010-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. சுமார் 4 கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு அது. பழி முழுவதையும் பக்கி மேல் போடுவது நியாயமில்லை. அந்த மலை ஏரிகளின் வண்டலைத் தோண்டிப் பார்த்ததில், 19-ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல் மாடுகள் வந்தபோதே புழுதி பல மடங்கு கூடியதும், 1934-ல் மேய்ச்சலைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தபின் தணிந்ததும் தெரிந்தன. மாட்டுக் குளம்பு செய்ததை இப்போது டயர் தொடர்கிறது, அவ்வளவுதான்.

உள்ளூரில் சண்டை புழுதிக்காக மட்டும் நடக்கவில்லை. பக்கியின் இரைச்சல் ஊரையே இரண்டாக்கியிருக்கிறது. 2023-ல் மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம், லாபிரிந்த் பள்ளத்தாக்கு, ஜெமினி பிரிட்ஜஸ் வட்டாரத்தில் 317 மைல் தடங்களை மோட்டார் வண்டிகளுக்கு மூடியது. 800 மைலுக்கு மேல் திறந்தே விட்டது. இருந்தும் வழக்குகள் பாய்ந்தன. மின்சாரப் பக்கிக்கு மாறினால் எல்லாம் தீரும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் தீரும், பெல்ட் கருகும் வாடையும் தீரும். கனமான பாட்டரி தரையை ஒட்டி உட்காருவதால் ஈர்ப்பு மையம் இறங்கி, கவிழும் கோணமும் கொஞ்சம் தள்ளிப்போகும். மண்ணில் இறங்கும் சக்கரத்தின் எடை மட்டும் கூடும்.