வயிற்றுக் கிருமி வீடு முழுவதும் பரவாமல் தடுப்போம்

வீட்டில் ஒரு பிள்ளைக்கு இரவில் திடீரென வாந்தி வருகிறது. மறுநாள் வயிற்றுப்போக்கு. இரண்டு நாள்களில் அம்மாவுக்கு, அடுத்துத் தாத்தாவுக்கு என்று ஒவ்வொருவராகப் படுத்துவிடுகின்றனர். "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் நோயுறாமல், ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக நோயுற்றால், அது பெரும்பாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் கிருமியாகவே இருக்கும்.

ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. சவர்க்காரத்தால் கைகழுவுவது, பிளீச் கலந்த நீரால் சுத்தம் செய்வது, நோய் நின்ற பிறகும் 48 மணி நேரம் கவனமாக இருப்பது ஆகிய மூன்றையும் சரியாகச் செய்தால், பரவும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கலாம். வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் இந்தக் கவனம் மிகவும் தேவை. மற்றவர்களுக்கு இரண்டு நாள் தொல்லையாக முடியும் நோய், அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவிடக்கூடும்.

இது என்ன நோய்?

வயிறும் குடலும் கிருமியால் பாதிக்கப்படும் நிலையைக் குடல் அழற்சி என்கிறோம். இதை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானவை நோரோவைரஸ், ரோட்டாவைரஸ். நோரோவைரஸ் எல்லா வயதினரையும் தாக்கும். ரோட்டாவைரஸ் பெரும்பாலும் கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் தாக்கும்.

வாந்தி, நீராகப் போகும் வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, குமட்டல், இலேசான காய்ச்சல், உடல்வலி ஆகியவை பொதுவான அறிகுறிகள். நோரோவைரஸ் உடலுக்குள் சென்ற 12 முதல் 48 மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கும். பெரும்பாலோர் 1 முதல் 3 நாள்களில் குணமடைவர். ரோட்டாவைரஸால் வரும் வயிற்றுப்போக்கு ஒரு வாரம்வரை நீடிக்கலாம்.

இதைச் சிலர் "வயிற்று ஃபுளூ" என்பர். சளிக்காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சளிக்காய்ச்சல் தடுப்பூசி இந்நோயைத் தடுக்காது.

எப்படிப் பரவுகிறது?

கிருமி நோயுற்றவரின் மலத்திலும் வாந்தியிலும் இருக்கிறது. அங்கிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்கிறது. நடுவில் அது கதவுப் பிடி, தண்ணீர்க்குழாய், கைத்தொலைபேசி, தொலைக்காட்சியின் ரிமோட், விளையாட்டுப் பொருள், பழம் நறுக்கிய கத்தி என்று பலவற்றில் தங்கிச் செல்லலாம். இப்படிப்பட்ட இடங்களில் நோரோவைரஸ் பல நாள்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

நோயுற்றவரின் மலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். இன்னொருவரை நோயில் தள்ள நூற்றுக்கும் குறைவான நோரோவைரஸ் கிருமிகளே போதும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இடத்தில்கூட அவ்வளவு இருக்கலாம். வாந்தி எடுக்கும்போது தெறிக்கும் நுண்துளிகள் சற்றுத் தள்ளியுள்ள பொருள்கள்மீதும் படியும்.

உணவின் வழியாகவும் பரவும். 2003 டிசம்பரிலும் 2004 ஜனவரியிலும் சிங்கப்பூரில் பலர் நோரோவைரஸால் பாதிக்கப்பட்டனர். இறக்குமதி செய்யப்பட்ட உறைந்த சிப்பிகளை உண்டதோடு அது தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. ஒரு குடும்பத்தில் ஒருவர் உணவால் நோயுற்றாலும், அடுத்தவர் அவரிடமிருந்து நோயைப் பெறலாம்.

கைச்சுத்திகரிப்பான் போதாதா?

போதாது. ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான், சில கிருமிகளைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைச் சிதைத்து அவற்றை அழிக்கிறது. கொரோனா கிருமி அத்தகையது. நோரோவைரசுக்கு அந்த உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் அதை நன்றாக அழிப்பதில்லை. சவர்க்காரமோ கிருமியைத் தோலிலிருந்து பெயர்த்தெடுக்கிறது. தேய்ப்பதும் ஓடும் நீரும் அதைக் கழுவிக்கொண்டு போகின்றன. எனவே கைச்சுத்திகரிப்பானைக் கைகழுவுவதற்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம்.

குறைந்தது 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகத்தின் அடிப்பகுதி ஆகிய எதையும் விட்டுவிடாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம் அணிந்திருந்தால் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்.

கட்டாயம் கைகழுவ வேண்டிய நேரங்கள்:

- கழிவறைக்குச் சென்று வந்த பிறகு
- குழந்தையின் டயப்பரை மாற்றிய பிறகு, அல்லது பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு
- வாந்தியைச் சுத்தம் செய்த பிறகு, கையுறை அணிந்திருந்தாலும்கூட
- சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் முன்பு
- உண்பதற்கும் பிள்ளைக்கு ஊட்டுவதற்கும் முன்பு

கையால் உண்பதும், பாட்டி ஒரே கிண்ணத்தில் பிசைந்து பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதும் நம் வழக்கம். கை சுத்தமாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருக்கும் நாள்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கிண்ணத்தில், கரண்டியால் ஊட்டுங்கள். நோயுற்ற பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றிப் பெரியவர் யாரும் உண்ண வேண்டாம்.

வாந்தி, மலம் பட்ட இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

வீட்டில் பயன்படுத்தும் பிளீச் நோரோவைரஸை அழிக்கும். சுமார் 5 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சைக் கீழ்க்கண்டவாறு குளிர்ந்த நீரில் கலந்துகொள்ளுங்கள். உங்களிடம் உள்ள பிளீச்சின் அளவைப் புட்டியில் உள்ள சீட்டில் சரிபாருங்கள்.

- வாந்தி, மலம் பட்ட இடங்களுக்கு: 100 மில்லிலிட்டர் பிளீச், 900 மில்லிலிட்டர் நீர்
- கதவுப் பிடி, குழாய் போன்று அடிக்கடி தொடும் இடங்களுக்கு: 20 மில்லிலிட்டர் பிளீச், 980 மில்லிலிட்டர் நீர்

பிறகு வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்:

1. பிள்ளைகளையும் மற்றவர்களையும் அவ்விடத்தைவிட்டு அனுப்புங்கள். சன்னல்களைத் திறந்துவையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.
2. ஒருமுறை பயன்படுத்தும் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள்.
3. வாந்தியின்மீது காகிதத் துண்டுகளைப் போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி மெதுவாகத் திரட்டி எடுங்கள். வேகமாகத் துடைத்தால் கிருமி பரவும். தூசு உறிஞ்சும் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம்.
4. திரட்டியதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, குப்பையில் போடுங்கள்.
5. பிளீச் கலந்த நீரால் அந்த இடத்தையும் சுற்றிலும் 2 மீட்டர் வரையுள்ள தரையையும் நனையும்படி துடையுங்கள். 10 நிமிடம் அப்படியே விடுங்கள். கிருமி அழிவதற்கு அந்த நேரம் தேவை.
6. வெறும் நீரால் மீண்டும் துடையுங்கள்.
7. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சவர்க்காரத்தால் கைகழுவுங்கள்.

எச்சரிக்கை: பிளீச்சைக் கழிவறை கழுவும் அமிலத்தோடோ வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடோ கலக்காதீர்கள். நச்சுவாயு உண்டாகும். கலந்த நீரை அன்றன்றே பயன்படுத்தி, மீதத்தைக் கொட்டிவிடுங்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். பிளீச் துணியின் நிறத்தை வெளுக்கும், உலோகத்தை அரிக்கும்.

கழிவறையும் துணிகளும்

வீட்டில் இரண்டு கழிவறை இருந்தால், ஒன்றை நோயுற்றவருக்கு ஒதுக்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அவர் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் இருக்கை, நீர் இறக்கும் பொத்தான், தண்ணீர்க்குழாய், கழுவும் குழாயின் பிடி, நீர் மொள்ளும் குவளையின் பிடி, கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றைப் பிளீச் நீரால் துடையுங்கள். இருக்கையின் மூடியை மூடிய பிறகே நீரை இறக்குங்கள். எல்லாரும் கைதுடைக்கும் பொதுத் துண்டை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுங்கள்.

அழுக்கான துணியையும் படுக்கை விரிப்பையும் உதறாதீர்கள். உதறினால் கிருமி காற்றில் எழும். மேலுள்ள அழுக்கைக் காகிதத் துண்டால் எடுத்துக் கழிவறையில் போட்டபின், மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக, துணி தாங்கக்கூடிய அளவுக்குச் சூடான நீரில் துவையுங்கள். 60 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட சூடு நல்லது. நன்றாகக் காயவையுங்கள்.

நோயுற்றவர் சமைக்கலாமா?

கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் முற்றிலும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் சமையலறைக்குள் செல்ல வேண்டாம். பல வீடுகளில் தவறு நேர்வது இந்தக் கட்டத்தில்தான். "நேற்றே சரியாகிவிட்டது" என்று அம்மா அடுப்படிக்குத் திரும்புகிறார். பிள்ளை பாலர் பள்ளிக்குத் திரும்புகிறது. உடம்பு தேறினாலும் மலத்தில் கிருமி தொடர்ந்து வெளியேறுகிறது. குணமான முதல் சில நாள்களில் அது மற்றவருக்கு எளிதில் தொற்றும். இரண்டு வாரமோ அதற்கு மேலுமோகூடக் கிருமி வெளியேறலாம். ஆகவே 48 மணி நேரத்துக்குப் பிறகும் கைகழுவுவதில் தளர்ச்சி வேண்டாம்.

அந்த 48 மணி நேரமும் பிள்ளையைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் பள்ளிக்கும் அனுப்பாதீர்கள். உணவங்காடியிலோ உணவகத்திலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்பவர்கள் முதலாளியிடம் தெரிவித்து விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் அன்னதானத்துக்கும் விருந்துக்கும் சமைக்க ஒப்புக்கொண்டிருந்தால், வேறொருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். இல்லப் பணிப்பெண் நோயுற்றால் அவருக்கும் இதே விதிதான். அவரைச் சமையலிலிருந்து விடுவித்து ஓய்வெடுக்கவிடுங்கள்.

நோயுற்றவர் தொட்ட, இனிச் சமைக்கப்படாத உணவு ஆபத்தானது. சட்னி, தயிர்ப் பச்சடி, நறுக்கிய பழம் போன்றவற்றை எறிந்துவிடுங்கள். நோரோவைரஸ் 60 பாகை செல்சியஸ் சூட்டையும் தாங்கக்கூடும் என்பதால் இலேசாகச் சூடாக்குவது பயன் தராது. சிப்பி, மட்டி வகைகளை வெந்நீரில் முக்கி எடுத்தால் போதாது; நன்றாக வேகவைத்து உண்ணுங்கள்.

நோயுற்றவரை எப்படிக் கவனிப்பது?

கிருமியை அழிக்கத் தனி மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் மருந்து வைரஸ்மீது வேலை செய்யாது. உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் முக்கியச் சிகிச்சை.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். தூளை, பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். உடனே கிடைக்காவிட்டால், கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் நீரில் மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கண் மதிப்பில் போடாமல் அளந்து போடுங்கள். கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.

வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஒரே மூச்சில் குடிக்கக் கொடுக்க வேண்டாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். புட்டிப்பாலில் கூடுதலாக நீர் சேர்க்காதீர்கள். குளிர்பானமும் இனிப்பு மிகுந்த பழச்சாறும் வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தும். பசி வந்ததும் கஞ்சி, இட்லி, வாழைப்பழம் போன்றவற்றைக் கொடுங்கள். பட்டினி போட வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்கள் வழக்கமான மருந்தைத் தொடர்வதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருந்தகத்துக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ செல்லுங்கள்:

- எது குடித்தாலும் வாந்தியாகிறது
- 6 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அல்லது டயப்பர் நனையவில்லை
- வாய் உலர்ந்திருக்கிறது, கண்கள் குழிவிழுந்துள்ளன, அழுதால் கண்ணீர் வரவில்லை
- மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி அல்லது அதிகக் காய்ச்சல்
- வாந்தி பச்சை நிறமாக இருக்கிறது
- முதியவருக்குத் தலைச்சுற்றல் அல்லது குழப்பம்
- 3 நாள்களுக்குப் பிறகும் குறையவில்லை

பிள்ளையோ முதியவரோ எழுப்பியும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால் 995 எண்ணை அழையுங்கள்.

கைக்குழந்தைக்குத் தடுப்புமருந்து

ரோட்டாவைரசுக்குத் தடுப்புமருந்து உண்டு. அது ஊசியன்று; வாய்வழி கொடுக்கப்படும் மருந்து. குழந்தைக்கு 6 வாரமானதும் தொடங்கலாம். குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் தொடங்க முடியாது. ஆகவே முதல் மருத்துவப் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்க

- சவர்க்காரம், ஓடும் நீர், 20 விநாடி.
- பிளீச் நீர், 10 நிமிடம், பிறகு வெறும் நீர்.
- தனிக் குவளை, தனித் துண்டு, தனிக் கரண்டி.
- நின்ற பிறகும் 48 மணி நேரம்: சமையல் வேண்டாம், பள்ளி வேண்டாம், வேலை வேண்டாம்.
- பச்சிளங்குழந்தையையும் முதியவரையும் நோயுற்றவரின் அருகில் விடவேண்டாம்.