வீட்டிலேயே தைக்கலாம், வெயில் தொப்பி

பங்குனி பிறந்துவிட்டால் கடைவீதிகளில் குடைக்கும் மண்பானைக்கும் அருகே தொப்பிகளும் தொங்கத் தொடங்கிவிடும். அவற்றுள் பெரும்பாலானவை முன்புறம் மட்டும் நீண்ட மட்டைத் தொப்பிகள். அவை நெற்றிக்கும் கண்ணுக்கும் நிழல் தரும். காதும் பிடரியும் வெயிலிலேயே கிடக்கும். பின்புறப் பட்டியை இழுத்தால் எல்லாத் தலைக்கும் பொருந்தும் என்பார்கள். எல்லாத் தலைக்கும் என்று தைக்கப்பட்டது உண்மையில் எந்தத் தலைக்கும் தைக்கப்பட்டதன்று. குழந்தைகள் தொப்பியை அரை மணி நேரத்தில் கழற்றி எறிவதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. பல வேளைகளில் அது நெற்றியை அழுத்துகிறது, அல்லது கண்மேல் சரிகிறது.

அளவெடுத்துத் தைத்த தொப்பிக்கு இந்தக் குறை இல்லை. ரவிக்கை தைக்கத் தெரிந்தவர் எவரும் அதைத் தைத்துவிடலாம். வீட்டில் உள்ள சாதாரணத் தையல் இயந்திரமே போதும்.

தொப்பி நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் புகழ்பெற்ற ‘சோலா தொப்பி’, வங்காளத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் சோலா என்னும் செடியின் வெண்மையான தண்டுச் சோற்றால் ஆனது. இன்றும் வங்காளத்து மணமகன் அணியும் ‘டோப்பர்’ அதே பொருளில் உருவாகிறது. குலுப் பள்ளத்தாக்கின் கம்பளித் தொப்பி, கதர்த் துணியில் மடித்துத் தைத்த காந்தித் தொப்பி ஆகியவை அடையாளத்திற்காகவும் குளிருக்காகவும் பிறந்தவை. அவற்றுக்கு விளிம்பு கிடையாது. ஆகவே வெயிலுக்கு அவை உதவா. நாம் இங்கே எடுத்துக்கொள்வது, கிரிக்கெட் வீரர்கள் அணிவது போன்ற, சுற்றிலும் விளிம்புடைய துணித் தொப்பி.

வீட்டுக்குத் தாழ்வாரம் எப்படியோ, தொப்பிக்கு விளிம்பு அப்படி. தோல் புற்றுநோய் மிகுந்த ஆஸ்திரேலியாவில், பெரியவர்களின் அகன்ற தொப்பிக்குக் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் விளிம்பும், சரிந்த விளிம்புடைய வாளி வடிவத் தொப்பிக்கு 6 சென்டிமீட்டர் விளிம்பும் வேண்டும் என்று புற்றுநோய்க் கழகம் வலியுறுத்துகிறது. நாம் 7 சென்டிமீட்டர் வைத்துக்கொள்வோம்.

இத்தொப்பிக்கு மூன்றே பகுதிகள்: மேலே வட்டமான உச்சி, நடுவே பக்கச் சுவர், கீழே விளிம்பு. முதலில் தலையின் சுற்றளவை எடுக்க வேண்டும். புருவத்துக்கு மேலே நடுநெற்றியிலும், காதுகளுக்குச் சற்று மேலேயும், பின்தலையின் புடைப்பின் மீதும் அளவுநாடா செல்லட்டும். சடையோ கொண்டையோ அணிபவர்கள், அன்றாடம் முடிக்கும் விதத்திலேயே முடித்துக்கொண்டு அளவெடுப்பது நல்லது. தலைவிரித்து அளவெடுத்துவிட்டுப் பின்னர்க் கொண்டையைத் தொப்பிக்குள் திணிக்க முடியாது.

சுற்றளவு 58 சென்டிமீட்டர் என்று கொள்வோம். தளர்வுக்கு ஒன்றரை சேர்த்தால் 59.5. பக்கச் சுவரின் அடிப்பகுதி இந்த நீளம். மேல்நோக்கிச் சற்று ஒடுங்கினால்தான் தொப்பி அழகாக அமரும். எனவே மேல்சுற்று 54 சென்டிமீட்டர். 54 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தின் ஆரம் 8.6. உச்சித் துண்டை இந்த ஆரத்தில் வரைந்து, தையலுக்காக வெளியே ஒரு சென்டிமீட்டர் விட வேண்டும்.

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வட்டக் கணக்கு இங்கேதான் தன் முகத்தைக் காட்டுகிறது. ஆரத்தில் 3 மில்லிமீட்டர் பிசகினால், சுற்றளவில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் பிசகும். தொப்பிக் கடைகளில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடே பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான்! ரவிக்கையில் மறைந்துபோகும் பிழை தொப்பியில் தலைவலியாக வெளிப்படும். ஆறு இதழ்களை இணைக்கும் தொப்பியில் நிலைமை இன்னும் கடினம். ஆறு தையலுக்குப் பன்னிரண்டு ஓரங்கள். ஓர் ஓரத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்துவிட்டாலே 18 மில்லிமீட்டர் போய்விடும். முதன்முறை தைப்பவர்களுக்கு மூன்று பகுதித் தொப்பியையே நாம் பரிந்துரைப்பதன் காரணம் இதுதான்.

பக்கச் சுவருக்கு, 59.5 சென்டிமீட்டர் நீளமும் எட்டரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள காகிதப் பட்டியை எடுத்துக்கொள்ளலாம். மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை, ஆனால் கீழ் ஓரம் அறுந்துவிடாமல், எட்டு இடங்களில் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் மேற்புறத்தை 7 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால், பட்டி தானாகவே வளைந்துகொள்ளும். மேல் ஓரம் 54 ஆகிவிடும். அந்த வளைந்த காகிதத்தை நடுவில் இரண்டாக வெட்டி, இரு துண்டுகளாகவே துணியில் வரையலாம், துணி மிச்சமாகும். நாற்புறமும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு விட மறக்கக் கூடாது.

விளிம்புதான் சுவையான பகுதி. முழு வட்ட வளையமாக வெட்டினால் அது தட்டுப் போலக் கிடைமட்டமாக நிற்கும். நண்பகலில் அதனால் பயனுண்டு. காலை ஒன்பது மணி வெயில் அதன் கீழாக நுழைந்துவிடும். விளிம்பு சரிய வேண்டுமானால், பெரிய வளையம் ஒன்றை வரைந்து அதில் ஒரு பங்கை நீக்கிவிட்டு முனைகளை இணைக்க வேண்டும். ஆறில் ஒரு பங்கை நீக்குவதாக இருந்தால் உள்வட்டத்தின் ஆரம் 11.4 சென்டிமீட்டர், வெளிவட்டத்தின் ஆரம் 18.4. முனைகளை இணைத்தபின் உள் ஓரம் சரியாக 59.5 சென்டிமீட்டருக்கு வந்து சேரும். விளிம்பு ஏறத்தாழ 34 பாகை சரிந்து, காதுகளின் மேல் நிழல் விரிக்கும். வெட்டும்போது முனைகளிலும் உள்வெளி ஓரங்களிலும் தையல் இடம் விட வேண்டும். மேலுக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என இரண்டு வளையங்கள் தேவை.

சிக்கனத்தில் நாட்டமுள்ள நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி: வளையத்தை வெட்டிய பின் நடுவே எஞ்சும் வட்டத்தை எறிந்துவிட வேண்டாம். உச்சித் துண்டு அதற்குள் அப்படியே அடங்கும். இரண்டு வளையங்களின் நடுவட்டங்களில் ஒன்று மேல்துணி உச்சிக்கும், மற்றொன்று உள்துணி உச்சிக்கும் ஆயிற்று. 110 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியில் 60 சென்டிமீட்டர் வாங்கினால் போதும்.

துணியை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகளின் ஊடே ஒளி தாராளமாகத் தெரிந்தால் வெயிலும் அவ்வழியே வரும். நெருக்கமாக நெய்த டிரில், டெனிம், கனத்த கதர் ஆகியவை ஏற்றவை. விளிம்பின் அடிப்புறத்துக்குக் கருநீலம் போன்ற அடர்நிறம் வைத்தால் தரையிலிருந்து எழும் ஒளி கண்ணைக் கூசச் செய்வது குறையும். உள்துணிக்கு மென்மையான பழைய பருத்தி வேட்டி மிக நன்று. எதுவாயினும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்தித் தேய்த்துவிட வேண்டும். தைத்த பிறகு சுருங்கும் துணி, எடுத்த அளவை எல்லாம் வீணாக்கிவிடும்.

விலையுயர்ந்த துணியில் கத்தரி வைக்கும் முன்பு, காடாத் துணியில் ஒன்றைத் தைத்துத் தலையில் வைத்துப் பார்ப்பது அறிவுடைமை. அதற்குச் செலவாகும் ஒரு மணி நேரத்தைப் பலர் வீண் என்று கருதுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை.

தைக்கும் முறை இது. பக்கச் சுவரின் இரு துண்டுகளையும் இணைத்து வளையமாக்கிக்கொண்டு, அதன் மேல் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிகளில் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிறு கீறல்கள் இட வேண்டும். உச்சி வட்டத்தையும் சுவரையும் நான்காக மடித்துக் குறியிட்டு, குறியோடு குறி சேர்த்து ஊசி குத்தி, சுவர் மேற்புறமாக இருக்க மெதுவாகத் தைக்கலாம். கீறல்கள் விரிந்துகொடுப்பதால் நேர்த்துணி வட்டத்தோடு இசைந்து போகும். உள்துணியையும் அவ்வாறே தைத்துக்கொள்க.

விளிம்பு வளையங்களில் ஒன்றின் உட்புறத்தில், சட்டைக் கழுத்துப்பட்டிக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸைத் தேய்த்து ஒட்ட வேண்டும். பின்னர் இரு வளையங்களின் நல்ல பக்கங்களும் உள்ளே எதிரெதிராக இருக்குமாறு வைத்து வெளி ஓரத்தைத் தைத்து, தையல் ஓரத்தை ஒட்ட நறுக்கிப் புரட்டித் தேய்த்துக்கொள்ளலாம். அடுத்து, வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி 8 மில்லிமீட்டருக்கு ஒரு வரிசையாகச் சுற்றுத் தையல்கள். இவை அழகுக்காக மட்டுமல்ல. விளிம்புக்கு விறைப்பைத் தருபவை இவைதாம். பின்னர் விளிம்பைச் சுவரோடு இணைத்து, உள்துணியைப் பொருத்தி, உட்புறச் சுற்றில் வியர்வையை உறிஞ்சும் பருத்திப் பட்டி ஒன்றைத் தைத்துவிட்டால் தொப்பி ஆயத்தம். இந்தப் பட்டியின் நீளமும் 59.5 சென்டிமீட்டர்தான், இதைக் குறைத்துவிட்டால் தொப்பியும் குறைந்துவிடும்.

இனி, நம் இதழுக்கு உரிய கணக்குக்கு வருவோம். வீட்டில் ஒன்று தைத்தவரிடம் அண்டை வீட்டார் கேட்பார்கள். பள்ளி வாயிலில் இன்னொரு தாய் கேட்பார். அப்போது சொல்லும் விலையில்தான் பலர் இடறுகிறார்கள். துணி மீட்டர் 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மேல்துணி 108 ரூபாய். உள்துணி, கேன்வாஸ், நூல் எல்லாம் சேர்த்து 50. ஆகப் பொருட்செலவு 158. “அடக்கம் 158, நான் 200க்குத் தருகிறேன்” என்று சொல்பவர், மூன்று மணி நேர உழைப்பை 42 ரூபாய்க்கு விற்கிறார். மணிக்கு 70 ரூபாய் என்று தம் உழைப்பை மதித்தாலும் அடக்கவிலை 368 ஆகிறது. நடைபாதைக் கடையின் மட்டைத் தொப்பியோடு இது விலையில் போட்டியிட இயலாது, போட்டியிடவும் தேவையில்லை. அளவுக்குத் தைத்தது என்பதற்காக வாங்குபவர்களே இதற்குரிய வாடிக்கையாளர்கள். 56, 58, 60 என மூன்று அளவுகளில் அட்டையில் வார்ப்பு வெட்டி வைத்துக்கொண்டு, நான்கு தொப்பிகளின் துணியை ஒருசேர வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் குறையும். ஆதாயம் அங்கிருந்துதான் பிறக்கும்.

கடன் வாங்கித் தொடங்குவது பற்றியும் கேட்கிறார்கள். கையில் பத்துத் தொப்பிகளுக்காவது முன்பதிவு சேரும் முன் புதிய இயந்திரத்துக்குக் கடன் வேண்டாம் என்பது நம் கருத்து. வங்கியின் இதழில் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தேவை உறுதியானபின் வழிகள் உள்ளன. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களுள் தையலும் ஒன்று. அதில் முதலில் ஒரு இலட்சமும், அதை முறையாகச் செலுத்தியபின் இரண்டு இலட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கிடைக்கும். கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை உதவியும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கே இத்திட்டம் பொருந்தும். நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், விண்ணப்பிக்கும் முன் உங்கள் கிளையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொப்பியின் பராமரிப்புக்கு இரண்டு சொற்கள். சலவை இயந்திரத்தில் போட்டால் விளிம்பு மடங்கிப்போகும். சோப்பு நீரில் ஊறவைத்துக் கையால் அலசுவதே முறை. முறுக்கிப் பிழியாமல், தலையளவு உள்ள பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் உலர்த்தினால், அடுத்த நாள் தேய்க்காமலே அணியலாம்.