தற்காப்பும் இரத்தப்பழியும்

தன் உயிரையோ தன் வீட்டார் உயிரையோ காக்கும் பொருட்டுத் தாக்க வந்தவனைக் கொன்றவர் குற்றவாளியா? இவ்வினாவிற்கு நாட்டின் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. நீதிமன்றம் அவ்விடையைக் கொண்டு தீர்ப்பளித்து, குற்றமற்றவரென்று கண்டவரை வீட்டிற்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் அவர் வீட்டிலிருந்து ஆலயத்திற்கும் வருவார். அங்கே அவரைக் குறித்து இருவகைப் பேச்சு எழும். ஆறாம் கட்டளையை மீறியவர் திருவிருந்தில் பங்குபெறலாமா என்று சிலர் கேட்பர். அந்தக் கயவனுக்குத் தக்க முடிவே நேர்ந்தது என்று வேறு சிலர் மகிழ்வர். ஆயர் இவ்விரு சாராருக்கும் விடை கூற வேண்டியவராகிறார்.

இவ்விரு பேச்சும் திருமறையின் போக்கிற்கு ஒவ்வாதவை என்பதே நமது கருத்து. தற்காப்புரிமை ஆபத்திலிருந்து பிறக்கிறது. தாக்குபவனின் தீமையிலிருந்து பிறப்பதில்லை. ஆகவே ஆபத்து நீங்கும்போது உரிமையும் நீங்கும். உரிமை இருந்த இடத்திலும் ஓர் உயிர் போயிற்று என்னும் உண்மை நீங்குவதில்லை. இதனைத் திருமறை, சபை மரபு, நம் நாட்டுச் சட்டம் ஆகியவற்றின் துணைகொண்டு விளக்க முற்படுகிறோம்.

1. கன்னமிடும் திருடன்

இப்பொருளுக்கு அடிப்படையான பகுதி யாத்திராகமம் 22:2, 3 ஆகும். சுவரில் கன்னமிடும்போது அகப்பட்ட திருடன் அடியுண்டு இறந்தால், அடித்தவர்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்த பின்னர் அது நிகழ்ந்தால் இரத்தப்பழி உண்டு. இரவு என்னும் சொல் முதற்பகுதியில் இல்லை. சூரியனைப் பற்றிய இரண்டாம் பகுதியே முன்னது இரவில் நிகழ்ந்ததென்று நமக்கு உணர்த்துகிறது. 'இரத்தப்பழி' என்று நாம் வழங்குவதற்கு எபிரேய மூலத்தில் நிற்கும் சொல் 'தாமீம்'. அது இரத்தம் என்பதன் பன்மை வடிவம். ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிடுவதாகக் கூறும் ஆதியாகமம் 4:10 இலும் அப்பன்மையே வந்துள்ளது.

இச்சட்டத்தின் தனித்தன்மையை அக்காலத்துப் பிற சட்டங்களோடு ஒப்பிட்டால் நன்கு அறியலாம். பாபிலோனிய அரசன் அம்முராபியின் சட்டத்தொகுப்பில் 21ஆம் விதி, வீட்டில் கன்னமிட்டவனை அக்கன்னத்தின் முன்னரே கொல்லும்படி கட்டளையிடுகிறது. அங்கே பகல், இரவு என்னும் வேறுபாடு இல்லை. கொலை தண்டனையாகவே நிற்கிறது. உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் இரவுத் திருடனைக் கொல்ல இடமளித்தது; பகலில் வருபவன் ஆயுதங்கொண்டு எதிர்த்தாலன்றி அவனைக் கொல்லலாகாது என்றது. மோசேயின் சட்டமோ பகலில் திருடனின் உயிருக்கும் வேலியிடுகிறது. அவன் திருடியதற்கு ஈடு செலுத்த வேண்டும். இயலாவிடில் அடிமையாக விற்கப்படுவான். பொருளுக்குப் பொருளே ஈடு, உயிர் ஈடாகாது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரவில் வந்தவனும் பகலில் வந்தவனும் ஒரே குற்றத்தையே செய்தனர். இரவில் வீட்டுக்காரர் வந்தவனின் நோக்கத்தை அறியார். அவன் கையில் இருப்பது இன்னதென்று காணார். கூப்பிட்டால் உதவி வருமென்று நம்பவும் இயலார். விடிந்தபின் இம்மூன்றும் மாறிவிடுகின்றன. மாறியது ஆபத்தின் அளவேயன்றித் திருடனின் குணமன்று.

யூத ஆசிரியர்கள் இதனை மேலும் ஆழ்ந்து ஆராய்ந்தனர். சூரியன் உதித்தல் என்பதை வானத்துச் சூரியனாக மட்டும் கொள்ளாமல், வந்தவன் கொல்லமாட்டான் என்பது வெயிலைப்போல் தெளிவாயிருத்தல் என்று சன்ஹெத்ரின் பகுதியில் (தால்முத், 72) விளக்கினர். அதற்கு அவர்கள் காட்டும் சான்று, மகன் வீட்டில் கன்னமிடும் தந்தை: தந்தை மகனைக் கொல்லான் என்பது தெளிவாதலால் மகன் அவனைக் கொல்லலாகாது. தாக்குபவனின் உறுப்பொன்றை ஊனப்படுத்தியே தடுத்திருக்கக் கூடுமாயின், அவனைக் கொன்றவர் குற்றவாளியே என்றும் அவர்கள் கூறினர்.

2. சபையின் மரபு

ஆதித் திருச்சபையின் ஆசிரியர் பலர் இவ்வுரிமையைத் தயக்கத்தோடே நோக்கினர். ஆயுதங்கொண்ட கள்வனை எதிர்ப்படும் கிறிஸ்தவன் அடிக்கு அடி திருப்பலாகாது. தன் உயிரைக் காக்கப் புகுந்து அன்பைக் கறைப்படுத்தலாகாது என்பது தூய அம்புரோசின் போதனை. அகஸ்தீன் பப்ளிகோலாவுக்கு எழுதிய கடிதத்தில், போர்வீரரும் பொதுப்பணியில் உள்ளோரும் பிறர் பொருட்டுச் செய்வதைத் தவிர, தான் கொல்லப்படாதிருக்கப் பிறரைக் கொல்லுதலை ஒப்பவில்லை. ஆயினும் சட்டம் அதனை அனுமதிப்பதை அவர் குறைகூறவில்லை. சட்டம் தண்டியாமல் விடுவது வேறு, கடவுளுக்கு முன் நேர்மையாவது வேறு என்னும் வேறுபாட்டை அவருடைய 'தன்விருப்புரிமை' பற்றிய நூலில் காண்கிறோம்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இச்சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்: ஒன்று நாம் நாடுவது; மற்றது நம் நாட்டத்திற்குப் புறம்பானது. தன் உயிரைக் காப்பதை நாடும் செயல் தாக்குபவனின் சாவில் முடியலாம். தேவைக்கு மிஞ்சிய வன்மையைக் கையாண்டால் அச்செயல் நேர்மையற்றது. மேலும், தனிமனிதர் ஒருவர் தாக்குபவனின் சாவையே நாடிச் செயற்படுதல் ஆகாது. இவ்வாதத்திற்கு அவர் காட்டும் மறைச்சான்று, நாம் மேலே கண்ட யாத்திராகமப் பகுதியே.

சீர்திருத்தத் திருச்சபைகளும் இவ்வழியை முற்றிலும் கைவிடவில்லை. கிறிஸ்தவர் தம்பொருட்டுத் தீமையைச் சகிப்பவர்; ஆனால் தந்தை, அதிகாரி போன்ற பொறுப்புகளில் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்டோரைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று மலைப்பொழிவு பற்றிய பேருரைகளில் லூத்தர் பிரித்துக் காட்டினார். 1647இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையும், ஆறாம் கட்டளை தடைசெய்வனவற்றிலிருந்து இன்றியமையாத தற்காப்பை விலக்கிவைக்கிறது.

இம்மரபு மத்தேயு 5:39ஐ மழுக்கிவிடுகிறது என்பாரும் உளர். அக்கண்டனத்தை நாம் எளிதாகத் தள்ளலாகாது. வலக்கன்னத்தில் அறைதல் பெரும்பாலும் புறங்கையால் செய்யப்படும் அவமதிப்பு என்றும், ஆண்டவர் அங்கே தடுப்பது பழிக்குப்பழியை என்றும் விளக்குவது பொருந்தும். ஆயினும் கெத்செமனேயில் பேதுருவின் பட்டயம் உறைக்குள் திரும்பியது என்பதை எந்த விளக்கத்தாலும் மறைக்க இயலாது. மறுகன்னத்தைக் காட்ட ஒருவர் தம் கன்னத்தைத் தரலாம். தம் குழந்தையின் கன்னத்தைத் தர அவருக்கு உரிமை உண்டா என்பதே எஞ்சி நிற்கும் வினா.

3. நம் நாட்டுச் சட்டம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இவ்வுரிமையை வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அதே கோட்பாடுகளைப் பெரிதும் மாற்றமின்றித் தொடர்கிறது.

இதன்படி, தன் உடலை மட்டுமின்றிப் பிறர் உடலையும் காக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை மரணம் விளைவிக்கும் அளவிற்கு நீள்வது, சட்டம் எண்ணிச் சொல்லும் நிலைகளில் மட்டுமே. மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் முதலியவற்றைப் பற்றிய நியாயமான அச்சம் அவற்றுள் அடங்கும். அமிலம் வீசப்படும் என்னும் அச்சம் 2013இல் சேர்க்கப்பட்டது. சொத்தைக் காப்பதில், 41ஆம் பிரிவு கொள்ளை, தீவைப்பு முதலியவற்றோடு, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டை உடைத்து நுழைதலைக் குறிப்பிடுகிறது. யாத்திராகமத்தின் அதே எல்லைக்கோடு இங்கும் வரையப்பட்டிருக்கக் காண்கிறோம். சாதாரணத் திருட்டிற்கோ மரணத்தையோ கொடுங்காயத்தையோ பற்றிய அச்சமும் சேர்ந்தாலன்றி அவ்வுரிமை இல்லை.

இவ்வுரிமைக்கு வேலிகளும் உண்டு. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவித்தலாகாது. அச்சம் தோன்றும்போது உரிமை தோன்றும். அச்சம் நீங்கும்போது அதுவும் நீங்கும். பஞ்சாபில் ஒரு நிலத்தகராற்றில் எழுந்த ஜெய்தேவ் வழக்கில் (1963), எதிர்த்தரப்பினர் ஓடத் தொடங்கிய பின் சுடுவது தற்காப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நல்லெண்ணத்தோடும் முன்திட்டமின்றியும் எல்லை மீறியவர் கொலைக் குற்றத்திற்கு ஆளாகார். ஆயினும் அதனினும் குறைந்த குற்றத்திற்கு ஆளாவார்.

36ஆம் பிரிவு இறையியல் மாணவரின் கருத்திற்குரியது. மனநலம் குன்றியவர் தாக்கினால், சட்டத்தின்முன் அவர் குற்றவாளியல்லர். எனினும் தாக்கப்படுபவருக்குத் தற்காப்புரிமை முழுமையாக உண்டு. குற்றமற்றவருக்கு எதிராகவும் இவ்வுரிமை இருக்குமாயின், அது குற்றத்திற்கான தண்டனையாக இருக்க இயலாது என்பது வெளிப்படை.

4. பின்வாங்கும் கடமை பற்றிய விவாதம்

தப்பியோட வழியிருந்தும் நின்று கொல்லலாமா என்பது பல நாடுகளில் தொடரும் விவாதம். ஆங்கிலேயரின் பழைய வழக்காற்றுச் சட்டம், இயன்ற மட்டும் பின்வாங்கிய பின்னரே கொல்லும் வன்மையை அனுமதித்தது. ஆனால் தன் வீட்டிலிருப்பவர் பின்வாங்க வேண்டியதில்லை. வீடு அவரவருக்குக் கோட்டை என்னும் கோட்பாடு 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கில் உரைக்கப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2005இல் இயற்றிய சட்டத்தால், ஒருவர் தாம் இருக்க உரிமையுள்ள எவ்விடத்திலும் பின்வாங்கும் கடமையை நீக்கியது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியில் சென்றன. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதிப் பண்ணைவீடொன்றில் 1999இல் இரவில் நுழைந்த 16 வயதுச் சிறுவன் முதுகில் சுடப்பட்டு இறந்தான். நடுவர் குழு வீட்டுக்காரரின் தற்காப்பு வாதத்தை ஏற்கவில்லை. மக்களிற் பலரோ அவர் பக்கம் நின்றனர். 2013இல் இயற்றப்பட்ட சட்டம் வீட்டுக்காரருக்கு ஓரளவு கூடுதல் இடமளித்தது.

இவ்விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. நேர்மையாளர் கோழையைப்போல் ஓட வேண்டுமென்று சட்டம் கட்டளையிடலாகாது என்பதை நம் நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. கத்திமுனையில் நிற்பவர் தம் அடியைத் தராசில் நிறுத்துக் கொடுக்க இயலாதென்பதும் உண்மை. மறுபக்கம், ஓட வழியிருந்தும் கொல்வதில், காக்கப்படுவது உயிரா, தன்மானமா என்னும் கேள்வி எழுகிறது. தன்மானத்தின் விலையாக ஓர் உயிரைக் கேட்பது மறைநெறியாகாது. மேலும் நியாயமான அச்சம் என்னும் அளவுகோலில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. எந்த முகத்தைக் கண்டு அஞ்சுகிறோம் என்பது நம் முன்தீர்ப்புகளைப் பொறுத்தது. சாதியும் வறுமையும் மனிதரை அஞ்சத்தக்கவராக நமக்குக் காட்டும்போது, அந்த அச்சத்தை நியாயமானதென்று சபை ஏற்றுக்கொள்ளலாகாது.

5. ஆயரின் பணி

விடுதலைபெற்று வந்தவருக்கு ஆயர் செய்ய வேண்டியதை இனிக் கருதுவோம். எண்ணாகமம் 35இல், கைப்பிசகாய்க் கொன்றவன் கொலைபாதகன் அல்லன் என்று சபை தீர்க்கிறது. ஆயினும் பிரதான ஆசாரியனின் மரணம்வரை அவன் அடைக்கலப் பட்டணத்தில் தங்குகிறான். எண்ணாகமம் 31இல், போரிலிருந்து திரும்பியவர் ஏழு நாள் பாளயத்திற்குப் புறம்பே தங்கித் தம்மைச் சுத்திகரிக்கின்றனர். 4ஆம் நூற்றாண்டில் தூய பசிலியார், போரில் கொன்றோரைக் கொலைஞராகக் கருதலாகாதென்று கூறிவிட்டு, மூன்றாண்டு அவர்கள் திருவிருந்தில் பங்குபெறாதிருத்தல் நலம் என்றார். மூன்றும் வெவ்வேறு நிலைகளைப் பற்றியவை; எனினும் குற்றமில்லை என்னும் தீர்ப்போடு காரியம் முடிந்துவிட்டது என்று இவற்றுள் எதுவும் கூறவில்லை.

பசிலியாரின் ஒழுங்கை இன்று அப்படியே மேற்கொள்ள வேண்டுமென்று நாம் கூறவில்லை. அதன் பின்னணியில் உள்ள அறிவே நமக்கு வேண்டியது. கொன்றவர் பலவேளை உறக்கமின்றித் தவிப்பார். நீ குற்றமற்றவன் என்று ஊர் முழுதும் சொன்னாலும் அவர் உள்ளம் ஆறாது. அவரிடம் விரைந்து தீர்ப்புரைப்பதைவிட, அவர் பேசக் கேட்பதே ஆயரின் முதற்கடமை. திருவிருந்திலிருந்து அவரை விலக்கலாகாது; ஆனால் முன்னதாக அவரோடு தனித்து அமர்ந்து, நிகழ்ந்ததைக் கடவுளின் முன் வைத்து மன்றாடலாம். அம்மன்றாட்டில் இறந்தவனையும் நினைவுகூர வேண்டும். துன்மார்க்கனின் மரணத்தில் கடவுள் மகிழ்வதில்லை என்று எசேக்கியேல் 33:11 போதித்திருக்க, சபையார் மகிழ்வது எப்படி?

இறுதியாக, இறந்தவனுக்கும் ஒரு வீடு உண்டு. அங்கே தாயோ மனைவியோ பிள்ளைகளோ, கள்ளனின் குடும்பம் என்னும் பெயரைச் சுமந்துகொண்டு வாழ்வர். நீதிமன்றத்திற்கு அவர்களிடம் சொல்ல எதுவுமில்லை. ஊராரும் அத்தெருவைத் தவிர்ப்பர். ஆயர் அவ்வீட்டிற்கும் செல்லக் கடவர்.